நாட்பட்ட குடல் அழற்சி நோயும் அதன் அறிகுறிகளும்

வயிற்றுக் கடுப்பும் சீதபேதியும் இந்நாட்டு மக்கள் நன்கறிந்த நோய்கள். கோடை முடிந்து முதல் மழை பெய்து, கிணற்றிலும் ஏரியிலும் புது நீர் கலந்தவுடன் இவை ஊருக்கு ஊர் தோன்றுகின்றன. சில நாட்களில் தணிந்தும் விடுகின்றன. கிருமியால் வரும் இத்தகைய பேதிக்கு உப்பும் சர்க்கரையும் அளவாய்க் கலந்த நீர், ஓய்வு, தேவையானால் உரிய மருந்து ஆகியவை பெரும்பாலும் போதுமானவை. ஆனால் பேதி என்று பெயர் பெற்றவை அனைத்தும் ஒரே நோயல்ல. ஒரு வாரத்தில் தீர வேண்டியது ஒரு மாதமாகியும் தீராமல், தீர்ந்ததுபோல் தோன்றி மீண்டும் மீண்டும் வந்து, இரத்தமும் சளியும் கலந்து போய், உடலை உருக்குமாயின், அதன் காரணம் வேறாக இருத்தல் கூடும். அவ்வாறு நீடிக்கும் நோய்களுள் ஒரு வகையே நாட்பட்ட குடல் அழற்சி.

சித்தூர், திருப்பதி வட்டாரத்துச் சிற்றூர்களில் இந்நோயாளியை முதலில் காண்பவர் குடல் நோய் வல்லுநர் அல்லர். வீடு வீடாகச் செல்லும் சுகாதாரப் பணியாளரும், நாள்தோறும் வகுப்பில் பிள்ளைகளைப் பார்க்கும் ஆசிரியருமே முதலிற் காண்பவர். நோய் இன்னதென முடிவு செய்வது இவர்களின் கடமையன்று. எனினும் சாதாரண பேதிக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை இவர்கள் அறிந்திருந்தால், ஆண்டுக் கணக்கில் மருந்துக் கடையிலேயே காலங்கழிக்கும் நோயாளி உரிய நேரத்தில் மருத்துவமனையை அடைவார்.

நோயின் இயல்பு

மனிதரின் சிறுகுடல் ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுடையது. பெருங்குடல் ஏறத்தாழ 1½ மீட்டர். குடலின் உட்சுவர் எந்நேரமும் உணவோடும் கோடானுகோடி நுண்ணுயிர்களோடும் உறவாடியபடி இருக்கின்றது. பகைக் கிருமியைத் தாக்கவும், தீங்கற்றதைப் பொறுத்துக் கொள்ளவும் உடலின் தற்காப்பு ஆற்றல் பழகியுள்ளது. இந்நோயில் அப்பொறுமை குலைகின்றது. வீட்டைக் காக்க வைத்த காவற்காரனே வீட்டாரை அடிப்பது போலத் தற்காப்பு அணுக்கள் குடற்சுவரைத் தாக்கி, வீக்கத்தையும் புண்ணையும் உண்டாக்குகின்றன. இதற்கு ஒரு தனிக் காரணம் இல்லை. பிறப்பிலேயே அமைந்த மரபுத்தன்மை, குடலில் வாழும் நுண்ணுயிர்களின் மாறுபாடு, வாழ்க்கை முறை ஆகிய பலவும் கூடியே நோயை விளைவிக்கின்றன. இது தொற்று நோயன்று. ஒரே தட்டில் உண்பதாலோ, ஒரே கழிப்பிடத்தைப் பயன்படுத்துவதாலோ ஒருவரிடமிருந்து மற்றவருக்கு வாராது. இதனை ஊரார்க்கும் வகுப்பு மாணவர்க்கும் தெளிவாகச் சொல்லுதல் வேண்டும். ஏனெனில் ஓயாத பேதியுடையவரை ஒதுக்கி வைக்கும் வழக்கம் இன்றும் பல வீடுகளில் உண்டு.

இந்நோயில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, மருத்துவர் ‘அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்’ என வழங்கும் புண்ணுடைப் பெருங்குடல் அழற்சி. 1859-ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் சாமுவேல் வில்க்ஸ் இதனைத் தனியாக எடுத்துக் கூறினார். இது மலக்குடலில் தொடங்கி, இடைவெளியின்றி மேல்நோக்கிப் பரவுகின்றது. பெருங்குடலின் உட்படலத்தையே பற்றுகின்றது. ஆதலின் இரத்தமும் சளியும் இதன் முதற்குறிகள்.

மற்றொன்று குரோன் நோய். 1932-இல் நியூயார்க் நகரின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த பரில் குரோன், லியோன் கின்ஸ்பர்க், கார்டன் ஓப்பன்ஹைமர் ஆகிய மூவரும் 14 நோயாளிகளைப் பற்றி எழுதிய கட்டுரையால் இது உலகறிந்த நோயாயிற்று. அதற்கு முன்னரே, 1913-இல், ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் கென்னடி டால்சியல் இதுபோன்ற நோயாளிகளைக் கண்டு, காசநோயைப் போலிருந்தும் காசநோயன்று என எழுதியிருந்தார். குரோன் நோய் வாய் முதல் ஆசனவாய் வரை எவ்விடத்தையும் பற்றலாம். சிறுகுடலின் கடைப்பகுதி இதற்கு மிகவும் உகந்த இடம். ஓரிடத்தைப் பற்றி, அடுத்த இடத்தை விட்டு, மீண்டும் வேறிடத்தைப் பற்றுவது இதன் இயல்பு. சுவரின் முழுக் கனத்தையும் துளைப்பதால் குடல் சுருங்கி அடைப்பு நேரலாம். பக்கத்து உறுப்புக்கோ தோலுக்கோ புரையோடிய வழியும் ஏற்படலாம்.

பெயரால் வரும் தடுமாற்றம்

சித்தூர்ப் பகுதியில் ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் வழங்குகின்றன. தமிழ் பேசுவோர் ‘சீதபேதி’, ‘இரத்தபேதி’ என்பதையே தெலுங்கர் ‘ஜிகட விரேசனாலு’, ‘ரக்த விரேசனாலு’ என்பர். மலத்துடன் இரத்தம் கண்டால் இரு மொழியினரும் பெரும்பாலும் முதலில் சொல்வது மூலம், அல்லது ‘மொலலு’. ‘சூடு’, ‘வேடி’ என்று சொல்லி மோரும் இளநீரும் குடித்து அமைதியடைவோரும் பலர். இப்பெயர்கள் நோயின் பெயர்களல்ல, குறிகளின் பெயர்களே. ஆதலின் பணியாளர் நோயாளி சொல்லும் பெயரைக் குறித்துக் கொண்டு அத்துடன் நின்றுவிடலாகாது. எத்தனை நாளாக, ஒரு நாளைக்கு எத்தனை முறை, இரவில் எழுந்து போகவேண்டியுள்ளதா, இரத்தம் மலத்தோடு கலந்துள்ளதா அல்லது பின்னர்ச் சொட்டுகின்றதா என்று தனித்தனியாகக் கேட்டல் வேண்டும்.

மூலத்தில் இரத்தம் பெரும்பாலும் செக்கச் சிவந்து, மலம் கழிந்த பின் சொட்டும். மலத்தின் மேற்புறத்தில் கோடாகப் படியும். சளி மிகுதியாக இராது. அடிக்கடி போகவேண்டும் என்ற உந்துதலோ, உடல் மெலிவோ மூலத்தால் வருவதில்லை. குடல் அழற்சியில் இரத்தம் சளியோடும் இளகிய மலத்தோடும் கலந்து வரும். சில வேளைகளில் மலமேயின்றி இரத்தமும் சளியும் மட்டும் வெளிப்படும். போய் வந்த சிறிது நேரத்திலேயே இன்னும் போகவேண்டும் போன்ற கடுப்பு தோன்றும். ஆனால் ஒன்றும் வாராது. இக்குறி மலக்குடல் புண்பட்டிருப்பதைக் காட்டுவது.

பெண்களிடம் இக்கேள்விகளைக் கேட்பது எளிதன்று. வீட்டு ஆடவர் முன்னிலையில் அவர்கள் பெரும்பாலும் ‘ஒன்றுமில்லை’ என்பர். பெண் பணியாளர் தனியே அமர்ந்து கேட்டால் பல மாதங்களாக மறைத்து வைத்த செய்தி வெளிவரும்.

வயிற்றில் தோன்றும் குறிகள்

நான்கு வாரத்திற்கு மேல் நீடிக்கும் பேதியை நாட்பட்டதெனக் கொள்வது மருத்துவ மரபு. நாளைக் காட்டிலும் இரவு இங்கே முக்கியமானது. மனக்கவலையாலும் குடலின் உணர்வு மிகுதியாலும் வரும் வயிற்றுக் கோளாறு பகலில் எவ்வளவு துன்புறுத்தினும், தூங்குபவரை எழுப்புவதில்லை. உறக்கத்தினின்று எழுப்பும் பேதிக்குப் பின்னால் புண்ணோ அழற்சியோ உண்டு என்று ஐயுறுதல் தகும்.

அடக்க முடியாத அவசரம் மற்றொரு குறி. இதனை நோயாளி நேரே சொல்லார்; அவர் வாழ்க்கையில் நேர்ந்த மாற்றங்களே காட்டிக் கொடுக்கும். சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் பேருந்தில் செல்லத் தயங்குவார். கல்யாணப் பந்தியில் அமரமாட்டார். ஆண்டுதோறும் அலிபிரியிலிருந்து 3,550 படிகளையும் ஏறித் திருமலை சென்றவர், தரிசன வரிசையில் பல மணி நேரம் நிற்க இயலாதென்று வேண்டுதலையே தள்ளிப் போடுவார். படி ஏறுகையில் முன்பில்லாத மூச்சிரைப்பு ஏற்படின், இரத்தப் போக்கால் வந்த சோகையும் அதற்குக் காரணமாகலாம்.

குரோன் நோயில் இரத்தம் காணாமலே போகலாம். வலப்புற அடிவயிற்றில் வலி, உணவுண்ட சிறிது நேரத்தில் முறுக்கிப் பிடிக்கும் நோவு, வயிறு உப்பிக் குடலுள் ஓசை எழுந்து பின் தணிதல், நாட்செல்ல மெலிவு, மாலைக் காய்ச்சல் ஆகியவை இதன் குறிகள். குடல் சுருங்கியவர்க்கு நார் மிகுந்த உணவு வலியை மிகுவிக்கும். மாங்காய்க் காலத்தில் நார் மிகுந்த பழத்தையோ முருங்கைக்காய்ச் சக்கையையோ விழுங்கிய பின் வயிறு அடைத்து வாந்தி எடுப்பவரை வெறும் அஜீரணம் என்று எண்ணிவிடலாகாது. ஆசனவாய்க்கருகில் கட்டி பழுத்து, உடைந்து, ஆறாமல் சீழ் வடிவதும் இந்நோயின் குறியாகலாம். ‘பவுத்திரம்’ என்று பலமுறை அறுத்தும் ஆறாதவரைக் குடல் நோய்க்காகவும் சோதித்தல் நன்று.

வயிற்றுக்கு வெளியே தோன்றும் குறிகள்

குடலின் நோய் குடலோடு நிற்பதில்லை. முழங்கால், கணுக்கால் மூட்டுகள் வீங்கி நோதல், காலையில் இடுப்பும் முதுகும் இறுகிப் போதல், கண் சிவந்து ஒளியைக் கண்டு கூசுதல், வாயில் மீண்டும் மீண்டும் புண் தோன்றுதல் ஆகியவை பேதிக்கு முன்போ பின்போ வரலாம். முன்காலில் தொட்டால் நோகும் முடிச்சுகள் தோன்றுவதும் உண்டு; வெள்ளைத் தோலர்க்கு இவை சிவந்து தெரியும், கருந்தோலில் கருத்தோ ஊதா நிறமாகவோ காணப்படும். இத்தகைய முடிச்சு காசநோயிலும் தொழுநோயின் எதிர்வினையிலும் வருமாதலின், இது ஒன்றை மட்டும் கொண்டு எதனையும் முடிவு செய்ய இயலாது. கண் நோவுக்கு ஒரு மருத்துவர், மூட்டுக்கு மற்றொருவர், வயிற்றுக்கு வேறொருவர் என்று மூன்று சீட்டுகளை நோயாளி வைத்திருப்பார். அம்மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பவர் பெரும்பாலும் வீட்டிற்கு வரும் பணியாளர் ஒருவரே.

வளராத பிள்ளை

இந்நோய் பெரும்பாலும் 15 வயதுக்கும் 35 வயதுக்கும் இடையில் தொடங்குகின்றது. எனினும் பள்ளிப் பிள்ளைகளையும் விடுவதில்லை. குழந்தைகளிடம் குரோன் நோய் சில வேளைகளில் பேதியே இல்லாமல், வளர்ச்சி நின்று போதலாக மட்டுமே வெளிப்படும். தன் வயதினர் உயர்ந்துகொண்டிருக்க ஒரு மாணவன் மட்டும் ஈராண்டாக அதே உயரத்தில் நிற்பான். ஒரு மாணவி உரிய வயதில் பூப்பெய்தாமல் இருப்பாள். பெற்றோர் இதனைக் குடும்பவாகு என்று எண்ணிக்கொள்வர். ஆண்டுக்கு இருமுறை உயரமும் எடையும் அளந்து பதியும் பள்ளியில் இது கண்ணுக்குப் புலப்படும். அளவாத பள்ளியில் புலப்படாது. வளர்ச்சிக்கு உரிய காலம் கடந்தபின் நோய் தணிந்தாலும் இழந்த உயரம் முழுவதும் திரும்புவதில்லை. ஆதலின் இங்கே காலம் மிகவும் விலையுயர்ந்தது.

வகுப்பில் ஒருமணி நேரத்தில் இருமுறை எழுந்து போக அனுமதி கேட்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று கருதி உட்கார வைத்தல் பல பள்ளிகளில் நிகழ்வது. அப்பிள்ளை மறுநாள் முதல் பள்ளிக்கு வருவதையே நிறுத்திக் கொள்ளும். அல்லது காலையும் நண்பகலும் உண்ணாமல் இருந்து பேதியைத் தடுக்க முயலும். இரண்டும் நோயை மறைக்கும் வழிகளே. பள்ளிகளில் வாரந்தோறும் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காக உட்கொண்டும், குடற்புழு மருந்து உண்டும் சோகை தீராத பிள்ளையையும் ஆசிரியர் மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும்.

காசமா, குரோன் நோயா?

இந்திய நாட்டில் இந்நோயை இனங்காணுதலில் உள்ள பெரும் இடர் இதுவே. சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் வலப்புற அடிவயிற்றுச் சந்தியே குடற்காசத்திற்கும் உகந்த இடம், குரோன் நோய்க்கும் உகந்த இடம். இரண்டிலும் வலி, காய்ச்சல், மெலிவு, பேதி, அடைப்பு உண்டு. குழாய்க் கருவியால் பார்த்தால் இரண்டிலும் புண் தெரியும். துண்டு வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டிலும் அணுக்கள் திரண்ட முண்டுகள் தெரியும்.

காசநோயின் வரலாற்றில் இவ்வட்டாரத்திற்குத் தனியிடம் உண்டு. அன்று சித்தூர் மாவட்டத்தின் பகுதியாயிருந்த மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரம் என்னுமிடத்தில் 1915-இல் காசநோய் விடுதி திறக்கப்பெற்றது. டென்மார்க் நாட்டு மருத்துவர் கிறிஸ்டியன் பிரிமோட்-மோலர் அதன் தலைமையை ஏற்று நடத்தினார். ஓய்வும், நல்ல காற்றும், ஊட்டமான உணவுமே காசத்திற்கு மருந்தாயிருந்த காலம் அது. பின்னர் மருந்துகள் வந்தன. 1956-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற ஆய்வு, நோயாளி தம் வீட்டிலேயே இருந்து மருந்துண்டும் குணமடையலாம் என்று காட்டியது. மெலிவும் மாலைக் காய்ச்சலும் கண்டால் காசம் என்று முதலில் எண்ணும் பழக்கம் இவ்வட்டாரப் பணியாளரிடம் வேரூன்றியிருப்பதில் வியப்பில்லை. அப்பழக்கம் நன்மையே செய்துள்ளது. ஆயினும் குடலைப் பொறுத்தமட்டில் அவ்வெண்ணம் முதற்படியே, முடிவு அன்று.

தவறினால் வரும் தீங்கு இருபுறமும் உண்டு. காசத்தைக் குரோன் நோய் என்று கொண்டு தற்காப்பு ஆற்றலைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்தால், அடங்கியிருந்த காசக்கிருமி உடலெங்கும் பரவி உயிருக்கே ஊறு நேரலாம். குரோன் நோயைக் காசம் என்று கொண்டு மாதக்கணக்கில் காச மருந்து கொடுத்தால் நோயாளி மருந்தின் துன்பத்தையும் நோயின் துன்பத்தையும் ஒருங்கே சுமப்பார். அதற்குள் குடல் சுருங்கி அறுவை தேவையாகிவிடக் கூடும்.

சித்தூரிலிருந்து எல்லை கடந்து சிறிது தொலைவிலேயே உள்ள வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர் இவ்விரு நோய்களின் திசுக்களை ஒப்பிட்டு, 1999-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். காசத்தில் முண்டுகள் பலவாய், அளவிற் பெரியனவாய், ஒன்றோடொன்று இணைந்து காணப்படும். நடுவில் பாலாடைக் கட்டி போன்ற அழிவும் இருத்தல் கூடும். குரோன் நோயில் அவை சிலவாய், சிறியனவாய், சிதறிக் கிடக்கும். இவ்வேறுபாடு இன்று பல நாட்டு மருத்துவருக்கும் பயன்படுகின்றது. ஆயினும் எல்லா நோயாளியிடமும் முண்டு கிடைப்பதில்லை; குடல் திசுவில் காசக்கிருமி நேரே தென்படுவதோ அதனினும் அரிது. சளியில் கிருமியை எளிதாகக் கண்டுபிடிக்கும் மரபணுச் சோதனையும் குடல் திசுவில் பல முறை ஏமாற்றிவிடும். அதில் ‘இல்லை’ என்று வந்தால் காசமே இல்லை என்று பொருளன்று.

நோயாளியின் கதையே இங்கே பேருதவி செய்கின்றது. இரவில் நனையும் வியர்வை, உயர்ந்த காய்ச்சல், வயிற்றில் நீர் கோத்தல், நுரையீரலில் பழைய அல்லது புதிய காசம், வீட்டில் காசநோயாளி ஒருவர் இருத்தல் ஆகியவை காசத்தின் பக்கம் சாய்கின்றன. பல ஆண்டுகளாக வருவதும் போவதுமாக இருத்தல், மலத்தில் இரத்தம், ஆசனவாய்ப் புரை, வாய்ப்புண், மூட்டு நோவு ஆகியவை குரோன் நோயின் பக்கம் சாய்கின்றன. வேறுபடுத்த இயலாதபோது மருத்துவர் காச மருந்தை முதலில் கொடுத்து, ஏறத்தாழ இரண்டு மாதங்கழித்துக் குழாய்க் கருவியால் மீண்டும் பார்க்கின்றனர். காசப் புண் ஆறத் தொடங்கியிருக்கும். குரோன் புண் பெரும்பாலும் அப்படியே இருக்கும். நோயாளி ‘தேறிவிட்டேன்’ என்று சொல்வது மட்டும் போதாது. குரோன் நோயாளியும் சில நாள் தேறியதுபோல் உணர்வார்.

இவ்விடத்தில்தான் பணியாளரின் பங்கு பெரிது. இரண்டு மாதத்திற்குப் பின் மீண்டும் வரச் சொன்ன நோயாளி வருவதில்லை. உடம்பு சற்றுத் தேறியதும் நிலக்கடலை அறுவடைக்குப் போய்விடுவார். மருந்து தவறாமல் உண்ணுவதைக் கவனிப்பது போன்றே, மறுசோதனைக்கு உரிய நாளையும் குறித்து வைத்து நினைவூட்டுதல் வேண்டும். குடற்காசம் என்று முழுக்காலமும் மருந்துண்டவர்க்கு மீண்டும் அதே குறிகள் தோன்றினால், மறுபடியும் காச மருந்தையே தொடங்குமுன் நோயின் பெயர் சரிதானா என்று கேட்பது பொருத்தம்.

பிற நோய்களும் நினைவிற்குரியன

அமீபாவால் வரும் சீதபேதி குடல் அழற்சியைப் பெரிதும் ஒத்திருக்கும். மலத்தை வெந்நிலை ஆறுமுன், அரை மணிக்குள் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாலே இரத்த அணுக்களை விழுங்கி அசையும் அமீபா தென்படும். காலையில் எடுத்து மாலையில் பார்ப்பதில் பயனில்லை. வெறும் கூடுகள் தென்பட்டால் அதுவே நோயின் காரணம் என்று கொள்ளலாகாது. தீங்கு செய்யாத அமீபா வகையின் கூடும் அவ்வாறே தோன்றும். ஒருமுறை முறையாக மருந்துண்டும் தீராத ‘அமீபா’வுக்கு மூன்றாம், நான்காம் முறை அதே மருந்தைக் கொடுப்பது காலத்தை வீணாக்குவதாகும்.

வெளிறிய, மிகுந்த, எண்ணெய்ப் பசையுள்ள மலமும் நாவில் புண்ணும் சோகையும் சேர்ந்து வந்தால் உணவின் சாரம் குடலில் உறிஞ்சப்படாத நோய் எனலாம். வேலூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் 1960-களில் இத்தகைய நோயொன்று பெருவாரியாகப் பரவியதை செல்வின் பேக்கரும் வி. ஐ. மாத்தனும் விரிவாக ஆராய்ந்தனர். ஐம்பது வயதைக் கடந்தவர்க்குப் புதிதாக மலப்பழக்கம் மாறி இரத்தம் தோன்றின், புற்றுநோய் இல்லையென்று உறுதி செய்த பின்னரே வேறு பெயர் சூட்டுதல் வேண்டும்.

நோய் எவ்வளவு பரவியுள்ளது?

இது மேலைநாட்டாரின் நோய், இந்தியச் சிற்றூரில் இல்லை என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. தேடாதவரை எந்நோயும் இல்லாததே. 1999-இல் பஞ்சாபில் வீடு வீடாகச் சென்று 51,910 பேரை விசாரித்தனர். நாட்பட்ட பேதியும் இரத்தமும் உள்ளவர் என 147 பேர் ஐயத்திற்குரியோராயினர். அவர்களைக் குழாய்க் கருவியாலும் திசுச் சோதனையாலும் ஆராய்ந்தபோது 23 பேருக்குப் புண்ணுடைப் பெருங்குடல் அழற்சி இருந்தது. இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 44 பேர் என்பது கணக்கு. பஞ்சாபின் கணக்கைச் சித்தூருக்கு அப்படியே பொருத்துதல் முறையன்று. ஆயினும் அதே அளவு இங்கும் உண்டெனக் கொண்டால், 30,000 மக்களைக் காக்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் எல்லைக்குள் 13 பேர் இருத்தல் வேண்டும். அந்நிலையத்துப் பதிவேட்டில் ஒருவர் பெயரும் இல்லையெனில், அவர்கள் வேறு ஏதோ ஒரு பெயரில் பதியப்பட்டிருக்கக் கூடும். பின்னர் ஐதராபாத்தின் ஆசிய இரைப்பைக் குடல் நோய் நிறுவனத்தார் ஊர்ப்புறங்களில் மேற்கொண்ட முகாம்களும், இந்நோய் நகரத்தார்க்கு மட்டும் உரியதன்று என்பதை உறுதிப்படுத்தின.

பஞ்சாபின் ஆய்வில் மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. 147 பேரைப் பிரித்தெடுத்தது விலையுயர்ந்த கருவியன்று. வாயிற்படியில் நின்று கேட்கப்பட்ட சில எளிய கேள்விகளே.

அனுப்பும் முறையும் அவசரக் குறிகளும்

நான்கு வாரத்திற்கு மேற்பட்ட பேதி, இரத்தம், இரவில் எழுதல், மெலிவு, சோகை ஆகியவற்றுள் இரண்டு சேர்ந்திருப்பினும் நோயாளியை மருத்துவ அதிகாரியிடம் அனுப்புதல் வேண்டும். அவர் சோகையையும் அழற்சியையும் காட்டும் இரத்தச் சோதனைகளையும், மலச் சோதனையையும் செய்விப்பார். மலத்தில் ‘கால்புரொடெக்டின்’ என்னும் புரதத்தின் அளவை அறியும் சோதனை, குடலில் அழற்சி உண்டா இல்லையா என்பதை ஓரளவு பிரித்துக் காட்டும். அழற்சிக்குக் காரணம் காசமா குரோன் நோயா என்பதை அது காட்டாது. இறுதி முடிவுக்குக் குழாய்க் கருவிச் சோதனையும் திசுவும் தேவை. திருப்பதியில் 1960-இல் நிறுவப்பெற்ற ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த ரூயா அரசு மருத்துவமனைக்கும், 1993-இல் பணி தொடங்கிய ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவ அறிவியல் நிறுவனத்திற்கும் இவ்வட்டாரத்தார் செல்கின்றனர். சித்தூரின் தென்பகுதியார்க்கு வேலூர் அண்மையில் உள்ளது.

அனுப்பும் சீட்டில் ‘பேதி’ என்று ஒரு சொல் எழுதினால் போதாது. தொடங்கிய மாதம், பகலிலும் இரவிலும் எத்தனை முறை, இரத்தம் கலந்த விதம், ஆறு மாதத்திற்கு முன்பிருந்த எடையும் இப்போதைய எடையும், இதுவரை உண்ட மருந்துகள், தமக்கோ வீட்டாருக்கோ காசம் இருந்ததா என்பவற்றை எழுதுதல் வேண்டும். பழைய மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுமாறு சொல்லுதல் இன்றியமையாதது. மூட்டு நோவுக்கும் தலைவலிக்கும் கடையில் வாங்கிய மாத்திரைகளையும் கேட்டல் வேண்டும். அவற்றுட் பல குடற்புண்ணைக் கிளறிவிடுவன.

சில நிலைகளில் நாட்கணக்கு பாராமல் அன்றே அனுப்புதல் வேண்டும். இரத்தத்தோடு ஒரு நாளைக்கு ஆறு முறையோ அதற்கு மேலோ பேதியாகி, அத்துடன் நாடி நிமிடத்திற்கு 90-ஐக் கடந்தாலோ, உடல்வெப்பம் 37.8 டிகிரி செல்சியசைத் தாண்டினாலோ அது கடும் நோய். இவ்வளவைகளை 1955-இல் ஆக்ஸ்போர்டு மருத்துவர் டுருலவும் விட்ஸும் வகுத்தனர். இன்றும் மருத்துவர் இவற்றைப் பின்பற்றுகின்றனர். வயிறு உப்பிக் கல்லாதல், ஓயாத வாந்தி, மலமும் காற்றும் அடைபடுதல் ஆகியவையும் அவ்வாறே. இந்நிலையில் பேதியை நிறுத்த லோப்பரமைடு போன்ற மாத்திரையைக் கொடுத்தல் பெருந்தவறு. குடலின் அசைவு நின்று, பெருங்குடல் காற்றுப்பையாய் விரிந்து, வெடிக்கும் அபாயம் உண்டு. பேதி திடீரென நின்றதைக் கண்டு வீட்டார் மகிழ்ந்திருக்கையில் நோயாளி மோசமடைவது இவ்வாறே.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய பின்

இந்நோயை அடியோடு நீக்கும் மருந்து இல்லை. ஆனால் அடக்கி வைக்கும் மருந்துகள் பல உள்ளன. 1940-களில் சுவீடன் நாட்டுப் பெண் மருத்துவர் நன்னா சுவார்ட்ஸ் கண்ட சல்பாசலசின் முதல், இன்று ஊசி வழியே செலுத்தப்படும் உயிரியல் மருந்துகள் வரை அவை விரிகின்றன. உயிரியல் மருந்துகளுள் சில அடங்கிய காசத்தை எழுப்ப வல்லன. ஆதலால் தொடங்குமுன் காசச் சோதனை செய்யப்படும். அவற்றைப் பெறும் நோயாளிக்கு இருமலோ காய்ச்சலோ வந்தால் பணியாளர் தாமதியாமல் தெரிவித்தல் வேண்டும்.

நோயாளிகள் செய்யும் பிழை பெரும்பாலும் ஒன்றே: உடம்பு நன்றாயிருக்கும் நாளில் மருந்தை விட்டுவிடுதல். ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துதல் இன்னும் கொடியது. அதனை மருத்துவர் சொன்ன படிமுறையில் குறைத்தே நிறுத்தல் வேண்டும். அதே ஸ்டீராய்டை ‘முன்பு கேட்ட மாத்திரை’ என்று சீட்டின்றிக் கடையில் வாங்கித் தொடர்வதால் எலும்பு நலிந்து, சர்க்கரை நோய் தோன்றி, பிள்ளைகளின் வளர்ச்சியும் குன்றும். அசதயோப்ரின் உண்பவர்க்குக் குறித்த நாட்களில் இரத்த அணுக்களை எண்ணுதல் தேவை. உண்ணத் தொடங்கிய சில வாரங்களில் தலைமயிர் கொத்தாக உதிர்ந்தால் உடனே இரத்தச் சோதனைக்கு அனுப்புதல் வேண்டும். கருவுற்ற பெண்ணை, பிள்ளைக்கு ஆகாது என்று சொல்லி மருந்தை நிறுத்தச் செய்வோர் உண்டு. பெரும்பாலான மருந்துகளைத் தொடரலாம். நோய் கிளர்ந்தெழுவதே கருவிற்கு மிகுந்த ஊறு. எதைத் தொடர்வது, எதை மாற்றுவது என்பதை மருத்துவரே சொல்வார். பெருங்குடல் முழுவதும் நோயுற்றவர்க்கு எட்டாண்டு கழிந்தபின் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பு மிகுமாதலின், அவர் நலமாயிருப்பினும் உரிய இடைவெளியில் குழாய்க் கருவிச் சோதனைக்கு வரவழைக்கப்படுவார். அந்நாளைத் தாய்சேய் நல அட்டையில் தடுப்பூசி நாளைக் குறிப்பது போலவே பணியாளர் தம் பதிவேட்டில் குறித்து வைத்தல் வேண்டும்.